நெறியாளர் பதில்கள்: பட்ட ஆய்வேடும் வாய்மொழித் தேர்வும்

இறுதியாண்டு மாணவர்கள் ஆய்வேட்டோடு மல்லுக்கட்டும் பருவம் இது. இம்மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றியே இருந்ததால், மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்திருக்கிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: "சமூக ஊடகங்களும் மாணவர்களும்" என்ற என் தலைப்பை நெறியாளர் மூன்று முறை திருப்பிக் கொடுத்துவிட்டார். "இன்னும் குறுக்கிக்கொண்டு வாருங்கள்" என்கிறாரே தவிர, எப்படிக் குறுக்குவது என்று சொல்வதில்லை. கடைசியாக "சமூக ஊடகங்களும் முதலாமாண்டு மாணவர்களும்" என்று மாற்றிக் கொடுத்தேன். அதுவும் ஆகாதாம். (இளங்கலை மாணவி)

பதில்: நீங்கள் மாற்றிக்கொண்டிருப்பது தலைப்பை, அவர் எதிர்பார்ப்பது கேள்வியை. உங்கள் தலைப்பில் வினைச்சொல்லே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? இரண்டு பெயர்ச்சொற்களை 'உம்' போட்டு ஒட்டவைத்திருக்கிறீர்கள். அந்த 'உம்' இரண்டுக்கும் இடையே என்ன நடக்கிறது என்பதைச் சொல்லாமல் தப்பித்துக்கொள்கிறது. எங்கள் துறையில் இவற்றை 'உம்மைத் தலைப்புகள்' என்று கேலியாகச் சொல்வதுண்டு. ஒரு பக்கத்து 'மாணவர்கள்' என்பதை 'முதலாமாண்டு மாணவர்கள்' ஆக்கியதால் ஆள்கள் குறைந்தார்கள், கேள்வி பிறக்கவில்லை.

முதலில் இந்த விஷயத்தில் உங்களை உறுத்துவது எது என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். விடுதியில் அறைத்தோழி இரவு ஒரு மணி வரை கைபேசி பார்த்துவிட்டுக் காலை வகுப்பில் தூங்கி வழிகிறாள் என்பதாக அது இருக்கலாம். அப்படியானால் நீங்கள் தேடுவது தூக்கத்தைப் பற்றியது. மதிப்பெண், நட்பு, தன்னம்பிக்கை ஆகியவை வேறு ஆய்வுகள். இப்போது வினைச்சொல்லோடு எழுதிப் பாருங்கள்: "படுக்கைக்குச் சென்ற பிறகு கைபேசி பார்க்கும் முதலாமாண்டு விடுதி மாணவர்கள், அப்படிப் பார்க்காதவர்களைவிடக் குறைந்த நேரம் தூங்குகிறார்களா?" யாரிடம் கேட்பது, எதை அளப்பது, எவற்றை ஒப்பிடுவது என்பதெல்லாம் இந்த ஒரு வாக்கியத்திலேயே வந்துவிட்டன. "இல்லை" என்ற விடை வருவதற்கும் இதில் இடம் இருக்கிறது. எப்படிப் பார்த்தாலும் "ஆம்" என்றே முடியக்கூடிய கேள்வி ஆய்வுக்கு உதவாது.

'தாக்கம்' என்ற சொல்லிடம் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். "கைபேசிப் பயன்பாட்டின் தாக்கம்" என்று எழுதிவிட்டால், கைபேசிதான் தூக்கத்தைக் குறைக்கிறது என்று நிறுவும் பொறுப்பு உங்கள் தலையில் விழுகிறது. ஒரே ஒரு முறை வினாத்தாள் கொடுத்துப் பெறும் தரவினால் அதை நிறுவ முடியாது. தூக்கம் வராதவர்கள்தாம் கைபேசியைக் கையில் எடுக்கிறார்களோ என்று தேர்வாளர் ஒருவர் கேட்டால் உங்களிடம் பதில் இருக்காது. 'தொடர்பு' என்று எழுதுங்கள், அதுவே நேர்மையானது. அடுத்த சந்திப்புக்கு அந்த ஒற்றை வாக்கியத்தையும் அதன் கீழே அரைப் பக்க விளக்கத்தையும் கொண்டு செல்லுங்கள். தலைப்பைக் கடைசியில்கூட வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: முன்னாய்வுகள் பற்றிய இயலுக்காக 43 கட்டுரைகளைப் படித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி எழுதினேன். இரண்டு மாத உழைப்பு. நெறியாளர் முதல் பக்கத்தின் ஓரத்தில் "இது பட்டியல்" என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டார். (முதுகலை மாணவர்)

பதில்: உங்கள் பத்திகளின் முதல் சொற்களை மட்டும் வரிசையாகப் படித்துப் பாருங்கள். ஒவ்வொரு பத்தியும் ஓர் ஆய்வாளரின் பெயரில் தொடங்கி, அவர் எந்த ஆண்டில் என்ன செய்தார் என்று சொல்லி முடிகிறதென்றால், நெறியாளர் எழுதியது சரிதான். உழைப்பு வீணாகிவிடவில்லை, அது இன்னும் இயலாக மாறவில்லை, அவ்வளவே.

ஒரு பெரிய தாளில், அல்லது எக்செல் கோப்பில், கட்டுரைக்கு ஒரு வரிசை என்று போடுங்கள். நெடுக்குப் பத்திகளில் அவர்கள் கேட்ட கேள்வி, யாரிடம் ஆராய்ந்தார்கள், எப்படி அளந்தார்கள், என்ன கண்டார்கள், எதை விட்டுவிட்டார்கள் என்று நிரப்புங்கள். பிறகு அட்டவணையை இடமிருந்து வலமாகப் படிக்காமல் மேலிருந்து கீழாகப் படியுங்கள். இதுவரை கண்ணில் படாத பிரிவுகள் அப்போது தெரியும். மேலே கேட்ட மாணவியின் பொருளையே எடுத்துக்கொண்டால், "எப்படி அளந்தார்கள்" என்ற நெடுக்குப் பத்தியில் சில ஆய்வுகள் மாணவர்கள் தாமே சொன்ன பயன்பாட்டு நேரத்தையும், வேறு சில கைபேசியே பதிந்து வைத்த நேரத்தையும் நம்பியிருக்கக் காணலாம். மனிதர் சொல்லும் கணக்கும் கருவி வைத்திருக்கும் கணக்கும் பெரும்பாலும் பொருந்திப் போவதில்லை. ஆகவே உங்கள் பத்தி இப்படித் தொடங்கலாம்: "பயன்பாட்டு நேரத்தை அளப்பதில் இரண்டு வழிகள் பின்பற்றப்பட்டுள்ளன, அவற்றின் முடிவுகள் வேறுபடுவதற்கு அளவீட்டு முறையே ஒரு காரணமாக இருக்கக்கூடும்." இங்கே பேசுவது நீங்கள். 43 பேரில் பத்துப் பேர் உங்கள் பேச்சுக்குச் சாட்சிகளாக அடைப்புக்குறிக்குள் வந்து நிற்பார்கள். சிலருக்கு அரை வரிதான் கிடைக்கும், சிலருக்கு அதுவும் கிடைக்காது. படித்ததையெல்லாம் எழுதிவிட வேண்டும் என்ற ஆசையை விடுவதுதான் இந்த இயலில் மிகக் கடினமான வேலை.

இன்னொன்று: படிக்கும்போதே பக்க எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மேற்கோள்களை ஒழுங்குபடுத்த ஸோட்டெரோ போன்ற மென்பொருள்கள் 2006 முதலே இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் எந்த மென்பொருளாலும் நீங்கள் குறித்துக்கொள்ளாத பக்க எண்ணைத் தேடித் தர இயலாது.

கேள்வி: வினாத்தாள் ஆய்வென்றால் 384 பேரிடம் கேட்டே ஆக வேண்டும் என்று மூத்த மாணவர்கள் சொல்கிறார்கள். என் துறையில் இருப்பதே 120 பேர்தான். (இளங்கலை மாணவர்)

பதில்: 384 என்ற எண்ணைப் பலரும் வேதவாக்காகக் கொண்டிருக்கிறார்கள், அது எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் விழிக்கிறார்கள். கிரெஜ்சி, மோர்கன் என்ற இருவர் 1970இல் வெளியிட்ட அட்டவணையால் அது பரவியது. மிகப் பெரிய மக்கள்தொகையில் ஒரு விகிதத்தை, 95 விழுக்காட்டு நம்பக அளவில் (நூறு முறை இப்படி ஆள் எடுத்தால் ஏறக்குறைய 95 முறை மதிப்பீடு பொருந்தும் என்ற உறுதியோடு), ஐந்து விழுக்காட்டுப் புள்ளி கூடவோ குறையவோ இருக்கலாம் என்ற பிழைக்குள் மதிப்பிட வேண்டுமானால் தேவைப்படும் எண்ணிக்கை அது. நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம்: அந்த நம்பக அளவுக்குரிய 1.96ஐ வர்க்கப்படுத்தி, விகிதம் பாதிக்குப் பாதி என்று கொண்டால் வரும் 0.25ஆல் பெருக்கி, 0.05இன் வர்க்கமான 0.0025ஆல் வகுத்தால் 384.16 வரும். அதே அட்டவணையில் 1,000 பேருக்கு 278, 120 பேருக்கு 92 என்றுதான் இருக்கிறது.

அதைவிட முக்கியமானது, இந்தக் கணக்கு முழுவதும் ஆள்கள் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறார்கள் என்ற அனுமானத்தின் மேல் நிற்கிறது. வாட்ஸ்அப் குழுவில் இணைப்பை அனுப்பி, நிரப்பித் தந்த நண்பர்களை மட்டும் எண்ணினால், 384 என்ன, 3,840 ஆனாலும் அந்த எண்ணுக்கு இந்தப் பொருள் கிடையாது. 120 பேர்தான் என்றால் எல்லாரிடமும் கேட்டுவிடுங்கள். எத்தனை பேர் பதில் தரவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். இரு குழுக்களை ஒப்பிடும் ஆய்வுக்கும் நேர்காணல் ஆய்வுக்கும் இந்த அட்டவணை பொருந்தாது.

கேள்வி: என் கருதுகோள் பொய்த்துவிட்டது. ஆறு பேரின் விடைகளை நீக்கினால் முடிவு சரியாக வருகிறது. நீக்கலாமா? (பெயர் வேண்டாம் என்று எழுதியவர்)

பதில்: பெயர் வேண்டாம் என்று எழுதியபோதே உங்களுக்கு விடை தெரிந்திருக்கிறது. யாரை நீக்குவது என்ற விதியை முடிவைப் பார்ப்பதற்கு முன்பே வகுத்திருக்க வேண்டும். பாதி வினாக்களுக்கு மேல் விடையளிக்காதவர்களை நீக்குவேன் என்று முன்கூட்டியே எழுதியிருந்தால் அது முறை. முடிவைப் பார்த்த பின் ஆளைத் தேடினால் அது மோசடி. அந்த ஆறு பேரின் விடைகள் உண்மையாகவே விசித்திரமாக இருந்தால், அவர்களைச் சேர்த்தும் நீக்கியும் வந்த இரண்டு முடிவுகளையும் தந்துவிடுங்கள். முடிவு தற்செயலாக வந்திருக்கக்கூடுமா என்று பார்க்கப் புள்ளியியலில் வைக்கும் 0.05 என்ற எல்லையே 1925இல் வெளிவந்த புள்ளியியலாளர் ஃபிஷரின் நூல் வழியாகப் பழக்கத்துக்கு வந்த ஒரு மரபுதான். அதைத் தாண்டாத ஆய்வு தோற்ற ஆய்வாகாது. நான் தேர்வாளராக அமர்ந்த அவைகளில் ஆய்வு முறைக்கும் தர்க்கத்துக்கும் மதிப்பெண் போடப்பட்டதே தவிர, கருதுகோள் வென்றதற்காகப் போடப்பட்டதில்லை.

கேள்வி: ஐயா, நான் இவ்வாண்டுதான் விரிவுரையாளராகச் சேர்ந்தேன். எட்டு மாணவர்களுக்கு நெறியாளர். ஒவ்வொரு வரைவையும் வரிவரியாகத் திருத்தி அனுப்புகிறேன். அவர்கள் எல்லாத் திருத்தங்களையும் ஒரே சொடுக்கில் ஏற்றுக்கொண்டு திருப்பி அனுப்புகிறார்கள்; அடுத்த இயலில் அதே பிழைகள். என் வார இறுதிகள் எல்லாம் இதிலேயே போகின்றன. (விரிவுரையாளர்)

பதில்: நானும் இதே பள்ளத்தில் விழுந்து எழுந்தவன்தான். நெறியாளராக இருந்த முதல் ஆண்டில், ஒரு மாணவரின் மூன்றாம் இயலைத் திருத்துவதாக நினைத்துக்கொண்டு ஓர் இரவு முழுக்க உட்கார்ந்து நானே எழுதிக் கொடுத்துவிட்டேன். வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் அந்த இயலைப் புரட்டி, ஒரு வரியில் விரலை வைத்து, "நோக்க மாதிரி என்று எழுதியிருக்கிறீர்களே, என்ன நோக்கம்?" என்று கேட்டார். (குலுக்கலில் எடுக்காமல், ஆய்வின் நோக்கத்துக்கு ஏற்றவர்களைத் தேர்ந்தெடுப்பதைத்தான் அப்படிச் சொல்வோம்.) மாணவர் என்னைப் பார்த்தார். அதைப் பார்த்துத் தேர்வாளரும் என்னைப் பார்த்தார். அந்தச் சில நொடிகள் எனக்கு இன்றும் நினைவிருக்கின்றன.

அதன் பிறகு நான் வழக்கத்தை மாற்றிக்கொண்டேன். வரைவின் முதல் இரண்டு பக்கங்களை மட்டும் நுணுக்கமாகத் திருத்துவேன். எந்தெந்த வகைப் பிழைகள் என்று ஓரத்தில் குறித்து, மீதிப் பக்கங்களில் அதே வகைப் பிழைகளைக் கண்டுபிடிக்கும் வேலையை மாணவரிடமே விட்டுவிடுவேன். வாக்கியத்தை மாற்றி எழுதுவதற்குப் பதிலாகக் கேள்வி எழுதுவேன்: "இதை எந்த அட்டவணையிலிருந்து சொல்கிறீர்கள்?", "இந்தப் பத்தி போய்விட்டால் எது குறையும்?" கேள்வியை ஒரே சொடுக்கில் ஏற்றுக்கொள்ள முடியாதல்லவா?

முதல் வரைவில் எழுத்துப் பிழைகளைத் தொடவே தொடாதீர்கள். நாளை வெட்டி எறிய வேண்டிய பத்திக்குச் சந்திப்பிழை திருத்துவது உங்கள் நேரத்துக்குக் கேடு. அதோடு, திருத்தம் பெற்ற பத்தி தேறிவிட்டது என்று மாணவரும் நம்பிவிடுகிறார், பிறகு வெட்டச் சொன்னால் மனம் ஒப்புவதில்லை. முதலில் வாதம், பிறகு சான்று, பிறகு அமைப்பு, மொழி கடைசியில். இயல்களையும் வரிசைப்படி கேட்க வேண்டியதில்லை. ஆய்வு முறை இயலை முதலில் எழுதச் சொல்லுங்கள். தாம் செய்ததை எழுதுவது எல்லாருக்கும் எளிது, கை பழகிவிடும். முன்னுரையை முடிவுரைக்குப் பிறகு எழுதட்டும்.

ஒவ்வொரு சந்திப்பின் தொடக்கத்திலும் மடிக்கணினியை மூடிவைக்கச் சொல்லி, "உங்கள் கேள்வி என்ன, இதுவரை என்ன தெரிந்தது?" என்று வாயால் சொல்லச் சொல்லுங்கள். எழுத்தில் தெரியாத ஓட்டைகள் பேச்சில் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். சந்திப்பு முடிந்த அன்றே, என்ன பேசினோம், எதை எந்தத் தேதிக்குள் தருவேன் என்று ஐந்து வரியில் மாணவர் உங்களுக்கு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும் என்று விதி வையுங்கள். நீங்களும் வரைவு கிடைத்த எத்தனையாவது நாளில் பதில் தருவீர்கள் என்று சொல்லி, அதைக் காப்பாற்றுங்கள். எட்டுப் பேர் இருப்பதைப் பாரமாக நினைக்காமல் இரண்டிரண்டு பேராகப் பிரித்து, உங்களிடம் வருவதற்கு முன் ஒருவர் வரைவை மற்றவர் படிக்கும்படி செய்யலாம்.

எவராவது வாரக்கணக்கில் தலைகாட்டாமல் இருந்தால், சோம்பேறி என்று முடிவுகட்டிவிடாதீர்கள். என் அனுபவத்தில் ஒளிந்து திரிபவர்களில் பெரும்பாலோர் வேலை முடியவில்லையே என்ற கூச்சத்தில்தான் ஒளிகிறார்கள். "எழுதியதைக் கொண்டு வாருங்கள்" என்றால் வரமாட்டார்கள். "எழுதாவிட்டாலும் பரவாயில்லை, பத்து நிமிடம் வந்துவிட்டுப் போங்கள்" என்றால் வருவார்கள்.

கேள்வி: ஒப்புமை சோதிக்கும் மென்பொருளில் எனக்கு 18 விழுக்காடு வந்திருக்கிறது. இது ஆபத்தா? துணைநூற்பட்டியலுக்குச் சாட்ஜிபிடியின் உதவியை நாடினேன்; அது தந்த கட்டுரைகளில் இரண்டு எங்கு தேடியும் கிடைக்கவில்லை. (முதுகலை மாணவி)

பதில்: விழுக்காட்டைவிட இரண்டாவது விஷயம்தான் ஆபத்து. மென்பொருள் எண்ணுவது சொற்களின் ஒப்புமையை மட்டும்தான். மேற்கோள் குறிக்குள் உள்ளவை, நூற்பட்டியல், துறையின் வழக்கமான தொடர்கள் எல்லாம் அதில் சேர்ந்துவிடலாம். 18 விழுக்காடு நூறு சிறு துணுக்குகளாகச் சிதறிக் கிடந்தால் பெரும்பாலும் கவலையில்லை. ஆறே விழுக்காடுதான் என்றாலும், அது ஒரே மூலத்திலிருந்து வந்த இரண்டு முழுப் பக்கங்கள் என்றால் திருட்டுத்தான். அறிக்கையைத் திறந்து, எந்த இடம் எதனோடு ஒத்துப்போகிறது என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். 'பயன்படுத்தினர்' என்பதை 'உபயோகித்தனர்' என்று மாற்றிச் சிவப்பு நிறத்தைப் போக்கிக்கொள்வது தீர்வாகாது. மூலத்தை மூடிவைத்துவிட்டுப் புரிந்ததை உங்கள் நடையில் எழுதி, பிறகு மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்து, மூலத்தையும் குறிப்பிடுங்கள்.

கிடைக்காத அந்த இரண்டு கட்டுரைகளும் அநேகமாக உலகில் இல்லை. அடுத்து வரக்கூடிய சொல் எது என்று கணித்துக் கோக்கும் கருவி, ஆசிரியர் பெயர், இதழ், பக்க எண் என்று அச்சு அசலாகத் தோன்றும் ஒன்றைப் புனைந்துவிடும். 2023இல் நியூயார்க்கில் இப்படி இல்லாத தீர்ப்புகளை மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களுக்கு நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது. ஆகவே அந்தப் பட்டியலில் மீதியிருப்பவற்றையும் நம்பாதீர்கள். ஒவ்வொன்றையும் நூலகத் தளத்தில் தேடித் திறந்து, குறைந்தது நீங்கள் மேற்கோள் காட்டும் பக்கத்தையாவது படித்த பிறகு சேர்த்துக்கொள்ளுங்கள். இத்தகைய கருவிகளை எந்த அளவுக்குப் பயன்படுத்தலாம், எங்கே அதை அறிவிக்க வேண்டும் என்பதை உங்கள் துறையின் விதியில் பாருங்கள். விதி தெளிவாக இல்லையென்றால் நெறியாளரிடம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பதினைந்து நிமிடத்தில் என் ஆய்வை முன்வைக்க வேண்டும். 42 ஸ்லைடுகள் தயார். வீட்டில் பேசிப் பார்த்தபோது 37 நிமிடம் ஆகிறது. எதை விடுவது? (முதுகலை மாணவர்)

பதில்: நல்ல வேளை, பேசிப் பார்த்திருக்கிறீர்கள். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 2008இல் ஒரு போட்டியைத் தொடங்கியது. முனைவர் பட்ட ஆய்வு முழுவதையும் ஒரே ஸ்லைடோடு மூன்று நிமிடத்தில் சொல்ல வேண்டும். இன்று பல நாடுகளில் அது நடக்கிறது. மூன்று நிமிடத்தில் அவர்களால் முடிகிறதென்றால் உங்களுக்குக் கிடைத்திருப்பது தாராளமான நேரம்.

இயல் இயலாகச் சுருக்க முயலாதீர்கள். 37 நிமிடம் அதனால்தான் ஆகிறது. தேர்வாளர்கள் ஆய்வேட்டைப் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். கேள்விக்கும் அதன் தேவைக்கும் இரண்டு நிமிடம், முறைக்கு மூன்று, முடிவுகளுக்கு ஏழு, வரம்புகளுக்கு இரண்டு என்று வைத்துக்கொண்டால் ஒரு நிமிடம் மிஞ்சும். மென்பொருள் கோளாறு, தொண்டைக் கமறல் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு நிமிடம் வேண்டும். முன்னாய்வுகளுக்குத் தனி ஸ்லைடு தேவையில்லை. எந்த இடைவெளியை நிரப்புகிறீர்கள் என்று ஒரு வாக்கியத்தில் வாயால் சொன்னால் போதும்.

பத்துப் பன்னிரண்டு ஸ்லைடுகள் மிஞ்சட்டும். ஒவ்வொன்றின் தலைப்பிலும் 'முடிவுகள்' என்று எழுதுவதை விட்டுவிட்டு, முடிவையே வாக்கியமாக எழுதுங்கள்: "படுக்கையில் கைபேசி பார்த்தவர்கள் குறைவாகத் தூங்கினர்" என்பது போல. அப்படி எழுத வராத ஸ்லைடு எதற்காக இருக்கிறது என்று யோசியுங்கள். ஆய்வேட்டில் உள்ள ஒன்பது வரிசை அட்டவணையை அப்படியே ஒட்டிவிட்டு, "இது உங்களுக்குத் தெரியாது, இருந்தாலும்" என்று சொல்லும் மாணவரை ஆண்டுதோறும் பார்க்கிறேன். தெரியாததை ஏன் காட்ட வேண்டும்? பேசப்போகும் இரண்டு வரிசைகளை மட்டும் பட்டை வரைபடமாகப் போடுங்கள். நீக்கிய 30 ஸ்லைடுகளை அழிக்காமல், "நன்றி"க்குப் பின்னால் அடுக்கி வையுங்கள். கேள்வி வரும்போது அவற்றில் ஒன்றைத் திறந்து காட்டலாம்.

அரங்கத்துக் கணினியில் உங்கள் எழுத்துரு இல்லையென்றால் தமிழ் முழுவதும் கட்டம் கட்டமாகத் தெரியும். ஆகவே பிடிஎஃப் பிரதி ஒன்றையும் கொண்டு செல்லுங்கள். மனப்பாடம் வேண்டாம், முதல் இரண்டு வாக்கியங்களைத் தவிர. அவற்றை மட்டும் நெட்டுருப் போட்டு வைத்தால் நடுக்கம் அடங்குவதற்கு அவகாசம் கிடைக்கும்.

கேள்வி: வாய்மொழித் தேர்வில் தெரியாத கேள்வி வந்தால் என்ன செய்வது? போன ஆண்டு எங்கள் மூத்த மாணவி ஒருவர் அழுதுகொண்டே வெளியே வந்தார். (இளங்கலை மாணவி)

பதில்: தேர்வாளர்கள் கேட்பவற்றில் பெரும்பகுதி சில கேள்விகளின் வேறு வேறு வடிவங்கள்தாம்: ஏன் இந்த முறை, ஏன் வேறு முறை இல்லை, இந்த முடிவை எவ்வளவு தூரம் நீட்டலாம், மறுபடி செய்தால் எதை மாற்றுவீர்கள். இவற்றுக்கு உங்கள் ஆய்வேட்டைக் கையில் வைத்துக்கொண்டு விடை எழுதிப் பாருங்கள். "ஏன் 60 பேர் மட்டும்?" என்று கேட்டால் அதைத் தாக்குதலாக எடுத்துக்கொள்ள வேண்டாம், காரணத்தை அறிந்துதான் செய்தீர்களா என்று பார்க்கிறார், அவ்வளவே.

கேள்வி முடிந்ததும் உடனே பாயாதீர்கள். "நீங்கள் கேட்பது இதுதானா?" என்று உங்கள் சொற்களில் திருப்பிச் சொல்லுங்கள், பாதி நேரம் அதிலேயே கேள்வி எளிதாகிவிடும். உண்மையாகவே தெரியாவிட்டால், "அதை நான் அளக்கவில்லை, என் தரவைக் கொண்டு இதுவரைதான் சொல்ல முடியும்" என்று சொல்லுங்கள். இந்தப் பதிலுக்காக ஒருவரை நான் குறைத்து மதிப்பிட்டதில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல் பேச ஆரம்பித்து, ஒன்றை மறைக்க இன்னொன்று என்று போகும்போதுதான் அறை இறுகுகிறது. உங்கள் மூத்த மாணவிக்கும் அப்படி நடந்திருக்கலாம்.

ஆய்வேட்டின் அச்சுப் பிரதியில் முக்கியமான அட்டவணைப் பக்கங்களில் வண்ணத்தாள் ஒட்டி எடுத்துச் செல்லுங்கள். சமர்ப்பித்த பிறகு நீங்களே கண்டுபிடித்த பிழைகள் இருந்தால், அவற்றை ஒரு தாளில் எழுதி, தேர்வு தொடங்கும்போதே தேர்வாளர்களிடம் கொடுத்துவிடுங்கள். அவர்கள் கண்டுபிடித்துச் சொல்வதற்கு முன் நீங்கள் சொல்வது நல்லது. விதி அனுமதித்தால் ஒரு தோழியைப் பின்வரிசையில் உட்காரச் சொல்லி, கேட்கப்படும் கேள்விகளை அப்படியே எழுதிவைக்கச் சொல்லுங்கள். பதற்றத்தில் உங்களுக்கு எதுவும் நினைவிருக்காது. திருத்தங்களைச் சமர்ப்பிக்கும்போது, எந்தக் கேள்விக்கு எந்தப் பக்கத்தில் என்ன மாற்றினீர்கள் என்று வரிசையாகக் காட்ட அந்தத் தாள்தான் உதவும்.